பால் பல் ஈறுக்குள் ஏறிவிட்டால்: பிடுங்குவதா, காத்திருப்பதா?

உங்கள் மகளுக்கு இரண்டே கால் வயது. நேற்று மாலை வாசற்படியில் தடுக்கி விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று பாதிக்கு மேல் ஈறுக்குள் போய்விட்டது. ரத்தம் நின்றுவிட்டது, பால் குடிக்கிறாள், இரவு தூங்கியும் இருக்கிறாள். முதலில் பார்த்த மருத்துவர் பிடுங்கிவிடலாம் என்றார். இன்று பார்த்தவர் தொடாமல் விடுங்கள் என்றார். வீட்டுப் பெரியவர்கள் ‘பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது’ என்கிறார்கள். இதில் யார் சொல்வதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இந்தப் பல் போனாலும் பரவாயில்லை, அடுத்து முளைக்கவேண்டிய பல்லுக்கு என்ன ஆகும் என்பது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். குழந்தையின் வாயைப் பார்க்காமல், எக்ஸ்ரேயைப் பார்க்காமல் எழுதுவது இது. அதனால் பொதுவாக எது சரி என்று சொல்ல முடியும். உங்கள் மகளுக்கு எது என்று முடிவு செய்யவேண்டியவர் அவளை நேரில் பார்க்கிறவர்தான்.

பல்லுக்கு முன்னால் தலையைப் பார்த்துவிடுங்கள். விழுந்த உடனே மயங்கினாளா, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறாளா, எழுப்பினாலும் எழாத தூக்கமாக இருக்கிறதா, நடை தடுமாறுகிறதா, வலிப்பு வந்ததா, மூக்கு அல்லது காது வழியாகத் தண்ணீர் போலவோ ரத்தமோ கசிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரிடம் போகாமல் நேராகக் குழந்தைகள் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். அடுத்தது தாடை. கடவாய்ப் பற்கள் வழக்கம்போல் ஒன்றோடொன்று சேர்கின்றனவா, வாயை முழுதாகத் திறந்து மூட முடிகிறதா, முகவாயில் வெட்டு அல்லது கன்றிப்போன இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முகவாய் தரையில் மோதி விழுந்த குழந்தைக்குக் காதோரத் தாடை மூட்டில் விரிசல் ஏற்பட்டிருக்கலாம். முன்பல்லையே பார்த்துக்கொண்டிருக்கும்போது இது கண்ணில் படாமல் போய்விடும்.

இனி பல். ஈறுக்குள் ஏறிய பால் பல்லைப் பெரும்பாலான குழந்தைகளில் பிடுங்கத் தேவையில்லை. கருவியால் கீழே இழுக்கவும் கூடாது. தானாக இறங்கி வருகிறதா என்று கண்காணித்துக்கொண்டு காத்திருப்பதே சிகிச்சை. மேல்வரிசை முன்பக்கப் பால் பல்லின் வேர் முனைக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தின் பக்கமாக, நிரந்தரப் பல்லின் கரு இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான். விழுந்தபோது ஏறிய பல் அந்தக் கருவை இடித்திருந்தால் பாதிப்பு அந்த நொடியிலேயே நடந்து முடிந்துவிட்டது. இப்போது பிடுங்கினாலும் அது திரும்பப் போவதில்லை. ஆனால் உள்ளே புதைந்திருக்கிற வழுக்கலான சின்னப் பல்லைப் பிடிக்க, கருவியைக் கருவின் பக்கமாகவே நுழைக்கவேண்டி வரும். அது புதிதாக ஒரு காயத்தை உண்டாக்கிவிடக் கூடும். பால் பல்லில் எந்த அடி பட்டாலும் மருத்துவர் முதலில் நினைத்துப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டாவது பல்லைத்தான். அதனால்தான் பெரியவர்களின் பல்லுக்குச் செய்கிற பல வேலைகளைப் பால் பல்லுக்குச் செய்வதில்லை.

அப்படியானால் முதல் மருத்துவர் சொன்னது தவறா? அவர் எந்த எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியாமல் அப்படிச் சொல்லக் கூடாது. பல் காயங்களுக்கான சர்வதேசச் சங்கம் 2012ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு பாதைகள் இருந்தன. வேர் முனை உதட்டுப் பக்கமாகப் போயிருந்தால் விட்டுவிடு, நிரந்தரப் பல்லின் கருவை நோக்கிப் போயிருந்தால் பிடுங்கு என்பது அதன் சாரம். அப்போது படித்தவர்கள் பலர் இன்றும் அப்படியே செய்கிறார்கள். 2020ல் அதே சங்கம் இதை மாற்றியது. வேர் எந்தத் திசையில் போயிருந்தாலும் முதலில் தானாக இறங்க விட்டுப் பார்க்கவேண்டும் என்பதே இப்போதைய நிலை. பிடுங்குவதால் நிரந்தரப் பல் காப்பாற்றப்படுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. பிடுங்கும்போது கருவுக்குச் சேதம் வரக்கூடும். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஊசி போட்டுப் பல் எடுப்பது பிற்காலத்தில் பல் மருத்துவரைக் கண்டாலே அலறவும் வைக்கலாம். ஆகவே உங்கள் இரண்டாவது மருத்துவர் சொன்னது இன்றைய வழிகாட்டுதலோடு ஒத்துப்போகிறது. பால் பல் காயங்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் சிகிச்சை பெற்றவர்களின் பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்து எழுதப்பட்டவை. குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்குப் பிடுங்கி, இன்னொரு குழுவுக்கு விட்டுப் பார்ப்பது எளிதாகச் செய்யக்கூடிய காரியமில்லை. ஆகவே ‘காத்திருங்கள்’ என்பது இதுவரை தெரிந்தவற்றை எடைபோட்டு எடுத்த முடிவு. கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எக்ஸ்ரே இன்னும் எடுக்கவில்லை என்றால் ஓரிரு நாளில் குழந்தைகள் பல் மருத்துவர் ஒருவரிடம் போய் எடுத்துவிடுங்கள். முழுதும் மறைந்த பல் உள்ளே ஏறியிருக்கிறதா, உடைந்திருக்கிறதா, விழுந்து காணாமல் போய்விட்டதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. படத்தில் ஏறிய பல் பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாகவும் அதன் வேர் முனை தெளிவாகவும் தெரிந்தால், வேர் உதட்டுப் பக்கமாகப் போயிருக்கிறது என்று பொருள். பால் முன்பல்லின் வேர் இயல்பாகவே உதட்டுப் பக்கம் சற்று வளைந்திருப்பதால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். பல் நீண்டு தெரிந்து வேர் முனை புலப்படாமல் போனால் அது கருவின் பக்கம் போயிருக்கலாம். அப்படியிருந்தாலும் முதலில் காத்திருப்பதுதான் வழி. ஆனால் நிரந்தரப் பல்லை இன்னும் கவனமாகப் பின்தொடர வேண்டியிருக்கும். குழந்தை நாற்காலியில் உட்கார மாட்டாளே என்று தயங்கவேண்டாம். மருத்துவரும் நீங்களும் எதிரெதிரே முழங்கால் முட்ட உட்கார்ந்துகொண்டு, குழந்தையின் கால்கள் உங்கள் இடுப்பைச் சுற்றியிருக்க, தலை மருத்துவர் மடியில் படும்படி சாய்த்துப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அழட்டும். அழும்போது வாய் நன்றாகத் திறக்கிறது, உங்கள் முகமும் அவள் கண்ணெதிரே இருக்கிறது. படத்துக்கு நீங்கள் மடியில் வைத்துக்கொண்டே பிடிக்கலாம்; குழந்தைக்கும் உங்களுக்கும் ஈயக் கவசம் கேளுங்கள், கர்ப்பமாக இருந்தால் வேறொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

உதட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். உதடு கிழிந்து, பல்லும் நுனியில் உடைந்திருந்தால் அந்தச் சில்லு உதட்டுக்குள்ளேயே புதைந்து கிடக்கலாம். வீக்கம் வற்றிய பிறகும் உதட்டில் கெட்டியாக ஏதோ நெருடுகிறது என்று மாதக்கணக்கில் கழித்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மேலுதட்டையும் ஈறையும் நடுவில் இணைக்கிற மெல்லிய சதை கிழிந்தால் பார்க்கப் பயங்கரமாக ரத்தம் கொட்டும். சுத்தமான ஈரத்துணியை மடித்து, இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். பெரும்பாலும் தையல் வேண்டியிருக்காது. காப்பித்தூள், மஞ்சள், சர்க்கரை எதையும் அப்பவேண்டாம். காயத்துக்குள் துகள் போய்ச் சேரும், பிறகு மருத்துவர் அதைக் கழுவியெடுக்கும்போது குழந்தைக்கு இன்னொரு முறை வலிக்கும். கிராம்பு எண்ணெய் ஈறைப் புண்ணாக்கும்.

பிடுங்கியே ஆகவேண்டிய நிலைமைகளும் உண்டு. பல்லைச் சுற்றி ஈறு வீங்கிச் சீழ் வைத்தால், அதனோடு காய்ச்சல் வந்தால், பல் தொளதொளவென்று ஆடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் அபாயம் இருந்தால், மாதங்கள் கடந்தும் துளிகூட இறங்காமல் எலும்போடு ஒட்டிக்கொண்டு புதுப்பல்லின் வழியை மறித்தால் எடுத்துவிடவேண்டும். மருத்துவர் பிடுங்கச் சொன்னால் ‘எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது, காத்திருந்தால் என்ன நடக்கும்’ என்று நேரடியாகக் கேளுங்கள். மேலே சொன்னதில் ஏதாவது ஒன்று பதிலாக வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். ‘பால் பல்தானே’ என்பது மட்டும் பதிலாக வந்தால் குழந்தைகள் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவரிடம் இன்னொரு கருத்துக் கேளுங்கள்.

பல் இறங்கத் தொடங்கினால் சில வாரங்களிலேயே விளிம்பு வெளியே எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இறங்கிவிடும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். பழைய இடத்துக்கு அப்படியே வரும் என்று உறுதி சொல்ல முடியாது. கொஞ்சம் திரும்பியோ பக்கத்துப் பல்லைவிட ஒரு மில்லிமீட்டர் மேலேயோ நின்றுவிடுவதும் உண்டு. அதனால் கெடுதல் இல்லை. தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது. வாரத்துக்கு ஒருநாள், பகல் வெளிச்சத்தில், மேலுதட்டைத் தூக்கிப் பிடித்து ஒரே தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். மருத்துவருக்கு உங்கள் நினைவைவிட அந்தப் படங்கள் பயன்படும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் விரலை விட்டு ஆட்டிப் பார்ப்பதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியதில் முக்கியமானது சுத்தம். அழுகிறாள் என்று பாவப்பட்டு அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் பால், சோறு எல்லாம் ஈறோரம் படிந்து தொற்று வரும். இறங்கி வந்திருக்கக்கூடிய பல்லை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். முதல் வாரம் காது குடைகிற பஞ்சுக் குச்சி போன்ற புதிய பஞ்சு முனையை ஆல்கஹால் கலக்காத, 0.1 முதல் 0.2 சதவீதத்துக்குள் இருக்கிற குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தில் நனைத்து, ஒட்டப் பிழிந்துவிட்டு, ஈறிலிருந்து பல்லின் விளிம்பை நோக்கி மெதுவாகத் துடையுங்கள். காலையில் ஒருமுறை, இரவு எல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு ஒருமுறை. இந்த வயதில் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, அதனால் திரவத்தை வாயில் ஊற்றக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். நிறுத்திவிட்டு, மிருதுவான பிரஷ்ஷும் அரிசி மணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட்டுமாக மாறிக்கொள்ளுங்கள். மற்றப் பற்களை முதல் நாளிலிருந்தே வழக்கம்போல் துலக்கலாம். பத்து நாள் போல இட்லி, குழைந்த ரசம் சாதம், இடியாப்பம், தயிர், மசித்த பழம் கொடுங்கள். முறுக்கு, கடலைமிட்டாய், கரும்பு, முன்பல்லால் கடிக்கிற ஆப்பிள் வேண்டாம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்தத் தேவையில்லை. புட்டியும் சூப்பானும் ஏறிய பல்லைத் திரும்பத் திரும்பத் தள்ளும். இதைச் சாக்கிட்டு டம்ளருக்கு மாற்றிவிடலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஒரு கிலோ எடைக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. குழந்தை 12 கிலோ என்றால் ஒரு தடவைக்கு 120 முதல் 180 மில்லிகிராம். தவறு நடப்பது பெரும்பாலும் பாட்டிலில்தான். 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கிற சிரப்பும் 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கிற சிரப்பும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் வருகின்றன. முதலாவதில் 5 மில்லி கொடுக்கவேண்டிய இடத்தில் இரண்டாவதில் இரண்டரை மில்லிதான். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி. பெயரைப் பார்க்காமல் மில்லிகிராமைப் படித்து, மருந்தோடு வருகிற அளவு மூடியால் அல்லது சிரிஞ்சால் கொடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடவே கூடாது. பல் ஏறியதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுப்பதால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரமில்லை. மண்ணும் அழுக்கும் கலந்த பெரிய வெட்டுக் காயம், சீழ், பிறவி இருதயக் கோளாறு, நோயெதிர்ப்புக் குறைவு போன்றவை இருந்தால் மருத்துவர் எழுதித் தருவார். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயதை ஒட்டிப் போடவேண்டிய முத்தடுப்பு ஊக்கி ஊசி போட்டிருந்தால் தனியாக டி.டி. ஊசி தேவைப்படாது, விட்டுப்போயிருந்து காயத்தில் மண்ணும் பட்டிருந்தால் இன்றே குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த சில வாரங்களில் பல் சாம்பல் நிறமாகலாம். பயந்துவிடாதீர்கள். உள்ளே கசிந்த ரத்தம் பல்லின் நுண்குழாய்களில் ஏறி நிறம் மாறுகிறது. சில மாதங்களில் தானாக வெளுப்பதும் உண்டு, கடைசிவரை அப்படியே இருந்துவிட்டு உரிய வயதில் விழுவதும் உண்டு. மஞ்சளாக மாறினால் உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற கூழ்க்குழாய் சுண்ணாம்பேறி அடைபடுகிறது என்று பொருள். அதற்கும் சிகிச்சை வேண்டாம். நிறத்தை மட்டும் காரணம் காட்டி வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்யச் சொன்னால் மறுக்கலாம். நீங்கள் தேடவேண்டியது வேறு. மேலுதட்டைத் தூக்கினால் அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் முகப்பரு போலச் சின்னக் கொப்புளம் தெரிகிறதா, அது அவ்வப்போது உடைந்து வாய் நாறுகிறதா, பல் ஆட்டம் கண்டு நிற்கிறதா என்று பாருங்கள். கூழ் செத்து, வேர் முனையில் சீழ் சேர்ந்ததற்கான அடையாளம் இவை. அந்தக் கொப்புளம் பெரும்பாலும் வலிப்பதில்லை. குழந்தை சாப்பிடுவாள், விளையாடுவாள். அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. அந்தச் சீழ் நிரந்தரப் பல்லின் கருவுக்குப் பக்கத்திலேயே தேங்குவதால் அதைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள்.

நிரந்தரப் பல்லுக்கு வருகிறேன். மேல் நடு வெட்டுப்பல், குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதத்தில் கெட்டிப்படத் தொடங்குகிறது. அதன் தலைப்பகுதி முழுதாக உருவாக நான்கைந்து வயது ஆகிறது. இரண்டே கால் வயதில் அது பாதி வழியில் இருக்கிறது. குழந்தை எவ்வளவு சின்னவளோ, பால் பல் எவ்வளவு ஆழமாக ஏறியதோ, அந்த அளவுக்குப் புதுப்பல்லில் ஏதாவது அடையாளம் விழும் வாய்ப்பு அதிகம் என்பது உறுதி. எந்த அடையாளம், எவ்வளவு என்பதை இன்று எந்த எக்ஸ்ரேயும் சொல்லாது. அப்படி வந்தால் பெரும்பாலும் முன்பக்கத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் கலந்த பழுப்புத் திட்டு; சிலருக்கு எனாமலில் சின்னக் குழி. இவற்றைப் பல் நிறச் சிமெண்டால் ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். பல்லின் தலையோ வேரோ வளைந்து வளர்வது, முளைக்கவே தாமதமாவது எல்லாம் அரிது. வந்தால் ஈறைத் திறந்து கம்பி மாட்டி இறக்கவேண்டியிருக்கும். பிடுங்கினாலும் விட்டாலும் இந்த வாய்ப்புகள் இருக்கின்றன. ஏற்கெனவே பிடுங்கியிருந்தாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். முன்பல் இல்லாததால் பேச்சு பெரும்பாலும் நிரந்தரமாகக் குழறிவிடாது. கோரைப்பற்கள் முளைத்துவிட்ட குழந்தைக்கு முன்பக்க இடைவெளி பெரிதாகச் சுருங்குவதுமில்லை, அதனால் இடம் காக்கும் கம்பியும் பொதுவாகத் தேவைப்படாது.

வேறு மாதிரி அடிபட்ட குழந்தைகளின் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாக இதையும் சேர்க்கிறேன். பால் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் அதைத் திரும்பக் குழியில் செருகக் கூடாது. பாலில் போட்டு எடுத்து வா, உடனே பொருத்தலாம் என்பது நிரந்தரப் பல்லுக்குச் சொன்னது. பால் பல்லைச் செருகினால் கருவைத்தான் குத்தும். ஆனாலும் விழுந்த பல்லைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். முழுப்பல்லா, வேர் உள்ளே தங்கிவிட்டதா என்று மருத்துவர் பார்க்க உதவும். தேடியும் கிடைக்காமல், குழந்தை விடாமல் இருமினாலோ மூச்சில் சீழ்க்கைச் சத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். பல் மூச்சுக்குழாயில் இருக்கலாம். ஆடுகிறது ஆனால் இடம் மாறவில்லை என்றால் மெத்தென்ற உணவும் சுத்தமும் போதும். பல் உள்பக்கம் சாய்ந்து கீழ்ப்பல்லோடு இடித்து வாய் மூட முடியாமல் இருந்தால் அன்றே காட்டவேண்டும். இடிக்காமல் இருந்தால் அதுவும் நாக்கும் உதடும் தள்ளித் தள்ளிப் பெரும்பாலும் தன் இடத்துக்கு வந்துவிடும். நுனி மட்டும் பெயர்ந்திருந்தால் அவசரமில்லை. உடைந்த இடத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது திறந்துகிடக்கிற பல் கூழ். ஓரிரு நாளுக்குள் காட்டினால் கூழின் மேல்பகுதியை மட்டும் எடுத்து மருந்து வைத்து மூடிப் பல்லைக் காப்பாற்ற முடியும்.

உங்கள் மகளுக்குப் போய்க் காட்டவேண்டிய நாட்கள்: ஒரு வாரம் கழித்து, ஆறிலிருந்து எட்டு வாரத்தில், ஆறாம் மாதம், ஒரு வருடம். இடையில் வீக்கம், சீழ், காய்ச்சல் என்றால் நாள் பார்க்காமல் போங்கள். கடைசியாக ஆறு வயதில் ஒருமுறை. நிரந்தரப் பல் சரியான பாதையில் வருகிறதா என்று அப்போது பார்க்கவேண்டும். நான்கு வருடம் கழித்து, வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போக நேரலாம். அதனால் இன்றைய தேதி, எந்தப் பக்கத்துப் பல், எவ்வளவு ஏறியது என்பதைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதி, எக்ஸ்ரே படத்தையும் கைப்பேசியில் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து மேல் முன்பல் முளைத்து ஆறு மாதம் ஆகியும் அடிபட்ட பக்கத்துப் பல் வரவில்லை என்றால் அந்தப் படத்தோடு போய் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.